அடுப்படிக் கம்ப்யூட்டர்

எனக்கு ஒரு வேலையை உட்கார்ந்த இடத்தில் முடிக்கத் தெரியாது. தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஒரு காதுகுத்துப் பத்திரிகை அடித்து முடிப்பதற்குள் நாலு தடவை எழுந்துபோய் ரோட்டைப் பார்த்துவிட்டு வருவேன். "காலுல சக்கரமா கட்டியிருக்குது?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். என்ன செய்ய, அப்பாவிடமிருந்து வந்தது. நிலம் தம்பிக்கு, நடை எனக்கு என்று சொல்லிச் சிரிப்பேன். அப்பாவுக்கு மறதி வந்த பிறகு அப்படிச் சொல்வதை விட்டுவிட்டேன்.

அப்பாவுக்கு முதலில் பெயர்கள் போயின. பிறகு சாப்பிட்டோமா இல்லையா என்பது போனது. அப்புறம் ஆட்கள். என்னை ஒரு நாள் டீச்சர் என்றார், இன்னொரு நாள் நர்சம்மா என்றார், அதன்பின் எதுவும் சொல்லாமல் கும்பிட ஆரம்பித்தார். பெற்ற அப்பா மகளைப் பார்த்துக் கும்பிட்டால் எங்கே போய் முட்டிக்கொள்வது? இவ்வளவும் மறந்த மனிதருக்குக் கேட் கொக்கியை எடுக்க மட்டும் மறக்கவில்லை. சத்தம் வராமல் எடுப்பார், வெளியே போவார், திரும்ப ஒழுங்காக மாட்டிவிட்டு நடப்பார். அதனால் அவர் போனதே யாருக்கும் தெரியாது.

எங்கள் ஊர் காரிமங்கலத்துக்குப் பக்கம். தெருவைத் தாண்டி, ஒரு ராகிக் கொல்லையைத் தாண்டினால் ஹைவே. பெங்களூர் போகிற லாரி ஒன்றுகூட அங்கே வேகத்தைக் குறைக்காது. ஒரு தடவை ரோட்டு நடுத்திட்டில் ஏறி நின்றுகொண்டிருந்த அப்பாவை, தக்காளி ஏற்றிப் போன டெம்போக்காரர் ஒருவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கூட்டிவந்தார். அம்மா அவருக்கு மோர் கொடுத்தாள். அப்பாவும் எனக்கு ஒரு டம்ளர் என்று கை நீட்டினார்.

கேட்டைப் பூட்டலாமே என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் பக்கம் பகலில் கேட்டில் பூட்டுத் தொங்கினால் அந்த வீட்டில் ஆளில்லை என்று அர்த்தம். பால்காரர் திரும்பிப் போய்விடுவார், விருந்தாடி திரும்பிப் போய்விடுவார். ஆள் இருந்துகொண்டே பூட்டுகிற வீட்டைப் பற்றி ஊர் வேறு மாதிரிப் பேசும். அதையும் மீறி அம்மா ஒரு நாள் பூட்டிப் பார்த்தாள். அப்பா கேட்டைப் பிடித்து உலுக்கி, "என்னய வுடுங்க, நான் எந்தத் தப்பும் பண்ணலைங்க" என்று போகிற வருகிறவர்களிடம் கெஞ்சினார். அம்மா அன்றே பூட்டை எடுத்துக் கிணற்றில் போட்டுவிட்டாள்.

தம்பி பெங்களூரில் இருக்கிறான். அவனுக்கு ஒரே வழிதான் தெரிந்தது: இரண்டு பேரையும் தன் பிளாட்டுக்குக் கூட்டிப்போவது. முன்னே ஒரு தடவை கூட்டிப்போய் வைத்திருந்தான். அப்பா நாள் முழுக்கக் கதவை இடித்தார். உள்ளங்கை வீங்கிப்போய்த் திரும்பி வந்தார்கள். "இன்னொரு வாட்டி அங்க போனா அவரு கதவ இடிச்சே போய்ச் சேந்துருவாரு. அதப் பாத்துக்கினே நானும் போய்ச் சேந்துருவேன்" என்று அம்மா என்னிடம் சொன்னாள். அவனிடம் சொல்லவில்லை. மகனிடம் அப்படிச் சொல்ல அவளுக்கு வாய் வராது.

கேமரா யோசனை என்னுடையது. அடுப்படியும் மாட்டுக்கொட்டாயும் பின்பக்கம், கேட் முன்பக்கம். அம்மா எங்கே நின்றாலும் கேட் தெரியாது. கேட்டுக்கு மேலே ஒரு கேமரா, அடுப்படியில் ஒரு கம்ப்யூட்டர், இரண்டின் கேபிளும் வந்து சேர நடுவில் ஒரு சின்ன இணைப்புப் பெட்டி. அவ்வளவுதான். அம்மா குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்டைப் பார்க்கலாம். அப்பா கொக்கியில் கை வைத்தால் ஓடிப்போய்ப் பிடித்துவிடலாம். தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கேமராவை மாட்டி, அதற்கு வேண்டிய செட்டிங்கைத் தன் லேப்டாப்பிலிருந்து செய்து, படம் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போனான். போகும்போது, "அக்கா, கம்ப்யூட்டரு உன் பொறுப்பு. இதுவும் சரிப்படலைன்னா நான் வண்டி எடுத்துக்கினு வந்து கூட்டிப் போயிருவேன். அப்பறம் யாரும் ஒண்ணும் பேசக் கூடாது" என்றான்.

என் கடையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் சும்மா கிடந்தது. வைரஸ் தொல்லை தாங்காமல் கடை முழுக்க லினக்ஸுக்கு மாறி வருஷங்கள் ஆகின்றன; அதிலும் லினக்ஸ்தான். வேலைக்கு நடுவே கிடைத்த நேரத்தில் அதைத் துடைத்து, வேண்டாததை அழித்து, நெட்வொர்க் செட்டிங்கையும் போட்டு வைத்தேன். ஊர் வீட்டில் நெட் கிடையாது. செல்போன் டவரே மாடிக்குப் போனால்தான். நெட் உள்ள இடத்தில் கம்ப்யூட்டருக்கு முகவரி தானாக வந்துவிடும். இல்லாத இடத்தில் ஆட்டோமேட்டிக் என்று விட்டால், கொடுக்க ஆளில்லாமல் அது கேட்டுக்கொண்டே கிடக்கும். அதனால் மேனுவல் என்று மாற்றி, நாமே கையால் ஒரு முகவரியை எழுதிவிட வேண்டும். கேமராவுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு ஒன்று. முன்பகுதி எல்லோரும் வழக்கமாகப் போடுவதுதான், இரண்டுக்கும் ஒன்றுபோல; கடைசி எண் மட்டும் வேறு வேறு. ஒரே தெரு, வேறு வேறு கதவு எண். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு பத்திரிகைக்கும் இன்னொரு பத்திரிகைக்கும் நடுவில் போட்டேன், சேமித்தேன், அணைத்தேன், மறந்தேன்.

சந்தை நாள் என்று யோசிக்காமல் கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் ஆட்டுக்குட்டிகளும் கோழிகளும் மூட்டைகளும். மடியில் கம்ப்யூட்டர், காலுக்கு நடுவில் மானிட்டர், தோள்மேல் யாரோ ஒருவருடைய சேவல். கண்டக்டர் என்னைப் பார்த்து, "இதயும் சந்தைக்கா ஓட்டிப் போறீங்க?" என்றார். சிரிக்கிற மனநிலையில் நான் இல்லை. அம்மா காலையில் போன் செய்து, அப்பா விடிந்ததிலிருந்து கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறார் என்று சொல்லியிருந்தாள்.

அடுப்படி அலமாரியில் பருப்பு டப்பாக்களை நகர்த்திவிட்டு மானிட்டரை வைத்தேன். "ஏண்டி, மொளகாப்பொடி நெடி அதுக்கு ஒத்துக்குமா?" என்று அம்மா கேட்டாள். "அது தும்மாதும்மா, நீ நவுரு" என்றேன். அப்பா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து நான் கேபிள் சொருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். உட்கார்ந்தார். திரும்ப எழுந்தார். எனக்கும் கை பரபரவென்று இருந்தது. சீக்கிரம், சீக்கிரம்.

கேமராவுக்கு என்ன எண் போட்டான் என்று தெரிய வேண்டுமே. மாடிக்கு ஓடிப்போய்த் தம்பிக்குப் போன் செய்தேன்.

"நம்ம வூட்டு நம்பர்தான்க்கா. இருவத்திமூணு. வேற என்னாத்தப் போடுவேன்?"

எங்கள் வீட்டு நம்பர் என்றால் கதவு எண் இல்லை. அப்பாவுக்கு ஐந்துதான் ராசி. ஐந்திலேயே இரண்டும் மூன்றும் சேர்ந்த இருபத்துமூன்று மேல் அவருக்குத் தனிப் பிரியம். பைக் வாங்கினால் இருபத்துமூன்றில் முடிய வேண்டும். போன் நம்பரின் கடைசியில் இருபத்துமூன்று வர வேண்டும். என் கல்யாணமே ஒரு இருபத்துமூன்றாம் தேதிதான். எட்டு என்றால் ஆகவே ஆகாது. எட்டாம் தேதி கடன்காரன்கூட வீட்டுக்கு வரக் கூடாது என்பார். நாங்கள் இருவரும் அவரைக் கேலி செய்தே வளர்ந்தவர்கள்.

கீழே வந்து பிங் அடித்தேன். பிங் என்றால், ஒரு வீட்டு வாசலில் நின்று "வூட்ல யாருங்க?" என்று குரல் கொடுப்பது மாதிரி. ஆள் இருந்தால் பதில் வரும். குரல் கொடுத்த மறுகணமே பதில் வந்தது. அப்படி ஒரு வேகத்தை என் கடையில்கூடப் பார்த்ததில்லை. வரி வரியாகத் திரையில் ஓடியது. "அம்மா, கேமரா பேசுது!" என்று கத்தினேன். படம் காட்டுகிற சாளரத்தைத் திறந்தேன். கறுப்பு. மூடித் திறந்தேன். கறுப்பு.

அங்கே பிடித்தது சனி. பிங் அடித்தால் பதில், படம் கேட்டால் இருட்டு. கேபிளைப் பிடுங்கிச் சொருகினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். ஸ்டூல் போட்டு ஏறிக் கேமராவின் கரண்டைப் பிடுங்கிச் சொருகினேன். மாடிக்கு ஓடினேன். "கேட்வே போட்டியாக்கா?" என்றான். "வெளிய போற வழியே இல்லாத வூட்டுக்குக் கேட்வே எதுக்குடா?" என்றேன். "அப்ப கேபிளா இருக்கும்." "கேபிளு கெட்டுப்போனா பதில் எப்பிடிடா வரும்?" "எனக்கு வந்துச்சே, என் லேப்டாப்புல நல்லா வந்துச்சே!" கீழே ஓடினேன். அம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருந்தாள். நான் அலமாரியைப் பார்த்து நின்றபடி திரும்பவும் பிங்கை ஓடவிட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் நாற்காலி காலியானது எனக்குத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டிச் சத்தம் போட்டார். "யம்மோவ்! உங்கப்பாரு ரோட்டுப் பக்கம் போறாருங்க! பட்டப்பகல்ல டார்ச்ச அடிச்சிக்கினு போறாருங்க!"

அடுப்படியிலிருந்து பாய்ந்தேன். கேமராவிலிருந்து வருகிற கேபிள் காலில் மாட்டி, சுவரோரம் இருந்த இணைப்புப் பெட்டியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. எடுத்து வைக்க நேரமில்லை. கேட் கொக்கி ஒழுங்காக மாட்டியிருந்தது. ராகிக் கொல்லை வரப்பில் செருப்பு ஒன்று கழன்று போனது. ஓட ஓட லாரி ஹாரன் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு ஹாரனுக்கும், போச்சு, போச்சு என்று இன்னும் வேகமாக ஓடினேன். எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று தெரியாது. எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

அப்பா ரோட்டைக் கடக்கவில்லை. இந்தப் பக்கம் பஸ் நிற்கிற இடத்தில், வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒரு அடி தள்ளி நின்றிருந்தார். தலைக்கு மேல் வெயில் காய்ந்தது. கையில் டார்ச் எரிந்துகொண்டிருந்தது. வருகிற ஒவ்வொரு பஸ்ஸின் மேலும் அதை அடித்துப் பார்த்தார்.

நான் தோளைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்தேன். அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"நீங்க எந்தூருங்க?"

"அப்பா, வூட்டுக்கு வா."

"இல்லைங்க. பாப்பா டவுனுல டைப்பு கிளாசுக்குப் போயிருக்குது. இந்த பஸ்ஸுல வந்துரும். இருட்டுல தனியா வராதுங்க, பயப்படும்."

பாப்பா என்றால் நான்தான். பிளஸ் டூ முடித்துத் தர்மபுரியில் டைப் படித்த காலத்தில் தினமும் இதே இடத்தில் டார்ச்சோடு நிற்பார். அப்படியானால் அவர் இத்தனை நாளும் சும்மா சுற்றவில்லை. என்னைக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறார். அந்த நடுத்திட்டில் நின்றதும் எனக்காகத்தான். ஹைவே ஓரத்தில் நின்று நான் ஓவென்று அழுதேன். அவர் பதறிப்போய், "அழுவாதீங்கம்மா, உங்க வூட்டுக்காரங்களும் வந்துருவாங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

"உங்க பொண்ணு முன்னாடியே வூட்டுக்கு வந்துருச்சுங்க" என்றேன். "அப்பிடிங்களா!" என்று உடனே திரும்பி நடந்தார். என்னைவிட வேகமாக நடந்தார்.

வீட்டு வாசலில் அம்மா சாணிக் கையோடு நின்றிருந்தாள். அப்பாவின் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை பார்த்தாள். பிறகு என்னிடம், "தம்பிய வரச் சொல்லுடி. கூட்டிப் போவட்டும்" என்றாள். அழவில்லை, கோபப்படவில்லை. அந்தக் குரலைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. "எல்லாம் இந்தச் சனியனால" என்று கம்ப்யூட்டரை மூட்டை கட்ட அடுப்படிக்குப் போனேன்.

திரையில் பிங் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பதில், பதில், பதில். எங்கோ ஒரு கேமரா வஞ்சனை இல்லாமல் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. கீழே பார்த்தால், கேமரா கேபிள் பெட்டியிலிருந்து கழன்று தரையில் கிடக்கிறது.

அப்படியானால் பதில் சொல்வது யார்?

செட்டிங்கைத் திறந்தேன். கம்ப்யூட்டரின் முகவரி. கடைசி எண் இருபத்துமூன்று. என் கடையில் உட்கார்ந்து, யோசிக்காமல், கை தன்பாட்டுக்குப் போட்ட எண். அங்கே பெங்களூர்க்காரனும் கேமராவுக்கு யோசிக்காமல் அதையே போட்டிருக்கிறான். அப்பாவைக் கேலி செய்து வளர்ந்த இரண்டு பேரும்! கம்ப்யூட்டர் அந்த முகவரியைக் கூப்பிட்டுத் தானே தனக்கு "இருக்கேங்க, இருக்கேங்க" என்று பதில் சொல்லியிருக்கிறது. அத்தனை வேகத்துக்கு அதுதான் காரணம். பக்கத்தில் இருந்த உரலில் தலையை முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

மாடிக்கு ஓடினேன். "டேய் அறிவுகெட்டவனே! நீயும் இருவத்திமூணு, நானும் இருவத்திமூணுடா!" அவன் குபீரென்று சிரித்தான். சிரிப்பு நின்றதும், "அப்ப நீ முப்பத்திரண்டு போட்டுக்கக்கா, அதுவும் அஞ்சுதான்" என்றான். வண்டி எடுத்துக்கொண்டு வரட்டுமா என்று கேட்டான். "ஒரு மாசம் பொறுடா" என்று கெஞ்சினேன். சரி என்றான்.

ஐந்தாவது ஒன்றாவது. கோபத்தில் கீழே வந்து எட்டு என்று போட்டேன். சேமித்தேன், கேபிளைச் சொருகினேன், சாளரத்தைத் திறந்தேன். கேட் வந்தது. எங்கள் கேட், கொக்கி, எதிர்ச் சுவரில் காயப்போட்ட துணி, தெருவில் படுத்திருந்த நாய், எல்லாம் பளிச்சென்று. அம்மா கையைக்கூடக் கழுவாமல் வந்து பார்த்தாள். "அட, நம்ம நாயி!" என்றாள்.

அதன்பின் நான் கடையில் இருந்தபடியே தினமும் போன் செய்தேன். அம்மா சொல்லி வைத்த நேரத்துக்கு மாடிக்கு ஏறி வந்து பேசினாள். போனாரா, போனாரா என்பதுதான் என் கேள்வி. முதலில் சில நாள் கொக்கியில் கை வைத்தார், அம்மா ஓடிப்போய்க் கூட்டிவந்தாள். பிறகு அதுவும் இல்லை. "இப்பல்லாம் கேட்டாண்ட போறதேயில்லடி. அடுப்படியில எம்பக்கத்துல உக்காந்து அந்தப் பொட்டியத்தான் பாத்துக்கினு கெடக்கறாரு" என்றாள். ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறாள் என்பது அவள் குரலிலேயே தெரிந்தது. தம்பியும் வண்டிப் பேச்சை எடுக்கவில்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் நான் பீற்றிக்கொண்டேன். கேபிள், கேமரா, மேனுவல் செட்டிங் என்று ஒருவர் விடாமல் பிடித்து வைத்து விளக்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். கொய்யாப் பழம் வாங்கிக்கொண்டு, கேட்டைத் திறந்து உள்ளே வந்தேன். கூடத்துக்குள் நுழையும்போதே அடுப்படியிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"பாப்பா வந்துருச்சு! ஏ, பாப்பா வந்துருச்சு பாரு!"

பழப் பையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். எத்தனை காலமாக அந்தச் சொல் எனக்குக் கிடைக்கவில்லை! அடுப்படி வாசலில் போய் நின்றேன். அப்பா மானிட்டருக்கு முன்னால் நின்றிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. என் பக்கம் திரும்பினார். கும்பிட்டார். நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

"வாங்க, உக்காருங்க. எங்க பொண்ணு வருது. இப்பத்தான் கேட்டுல நொழஞ்சுது."

"அப்பா, நான்தாம்பா."

"சரிங்க" என்றார் மரியாதையாக. பிறகு திரையைப் பார்த்தார். அங்கே வெறும் கேட். "எங்க போச்சு? இங்கதான இருந்துச்சு?" திரையைத் தொட்டுப் பார்த்தார். முகம் சுருங்கியது. நாற்காலிமேல் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, என்னை ஒதுக்கிவிட்டு வாசல் பக்கம் நடக்க ஆரம்பித்தார். அம்மா ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். உதறினார். அம்மா என்னைப் பார்த்தாள்.

"நீ போயிக் கேட்டாண்ட நில்லுடி."

வெளியே வந்து கேட்டுக்குப் பக்கத்தில், கேமராவுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். அங்கிருந்து அடுப்படி தெரியாது. அம்மா அங்கும் இங்குமாக ஓடுவது மட்டும் கேட்டது.

"இன்னுங் கொஞ்சம் இந்தாண்ட வா! மூஞ்சி தெரியல!"

வந்தேன்.

"உக்காந்துட்டாருடி! சிரிக்கறாரு! அப்பிடியே நில்லு!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு நானும் சிரித்தேன். கையைத் தூக்கிக் கேமராவைப் பார்த்து ஆட்டினேன். தெருவில் போன ஒருவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

உள்ளேயிருந்து அம்மா கத்தினாள்: "அவரும் கைய ஆட்டறாருடி!"